எனக்கு நானே வைத்த மாற்று ஆள்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வெறும் நினைப்பை நம்பக் கூடாது என்பது என் தொழில் புத்தி, ஆகவே ஒரு வரி பதில் போடவும். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் அக்கா வழியாக என் வீட்டுக்காரி காதில் விழும். மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் இருக்க, மேசையில் கிடந்த ஏதோ ஒரு சாவிக்கொத்தைப் பாரமாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நடக்காத காரியத்துக்குச் சம்பளம் வாங்குகிறவன் என்று என்னைக் கிண்டல் செய்வீர்கள். வெள்ளம் வந்தால் என்ன, தீப்பிடித்தால் என்ன என்று யோசித்து, எங்கள் மருந்துக் கம்பெனி நிற்காமல் நடக்கப் பத்தொன்பது வருடமாக வழி எழுதி வைப்பவன் நான். நகராட்சி, தீயணைப்பு நிலையம், பெரிய மருத்துவமனை, கம்பெனிகள் எல்லாம் சேர்ந்த பேரிடர் குழுவிலும் எனக்கு ஒரு நாற்காலி உண்டு. திட்டத்தின் முதல் பக்கத்தில் நானே ஒரு விதி எழுதினேன்: எந்த வேலையும் ஒரே ஆளை நம்பி இருக்கக் கூடாது, ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்று ஆள் வேண்டும், மாற்று ஆள் தேறுகிறாரா என்று பார்க்க அசல் ஆள் வருடத்துக்கு இரண்டு வாரம் கட்டாய விடுப்பில் போக வேண்டும், ஆபீசோடு பேச்சே கூடாது. எல்லோரையும் துரத்தித் துரத்தி அனுப்பினேன். இந்த வருடம் மேலாளர் சிரித்துக்கொண்டே, "நீங்க மட்டும் ஒரு தடவகூட போகலையே சார்?" என்று கேட்டுவிட்டார்.

நானும் விடுப்பில் போய் இன்றோடு ஒன்பது நாள். ஒரு போன் இல்லை, அத்தான். என் மாற்று ஆள் நானே பழக்கிய பெண். அவளுக்கு ஒரு சந்தேகம்கூடவா வராது? சும்மா இருக்க முடியாமல் வீட்டுக்கு ஒரு திட்டம் போட்டேன். மின்சாரம் போனால் சமாளிப்போமா என்று பார்க்க மெயின் சுவிட்சை அணைத்தேன். துணி துவைக்கும் இயந்திரம் பாதியில் நின்று கதவைப் பூட்டிக்கொண்டது, உள்ளே வீட்டுக்காரியின் ஆபீஸ் சீருடை இரண்டும். அவள் வேறு எதையோ மாட்டிக்கொண்டு போனதும், புகை மணி அடிக்கிறதா என்று பழைய செய்தித்தாளைக் கொளுத்திக் காட்டினேன். பிரமாதமாக அடித்தது, ஐந்து மாடியும் தெருவுக்கு இறங்கிவிட்டது, தரைத்தளத்துப் பல் டாக்டர் ஒரு நோயாளியை வாய் திறந்தபடியே கூட்டிக்கொண்டு வந்தார். "மணி நல்லாத்தானே அடிச்சுது?" என்று அவரிடம் கேட்டேன். அவர் சொன்னதை எழுத முடியாது. சாயங்காலம் வீட்டுக்காரி, "ஆபத்து வந்தா என்ன பண்றதுன்னு யோசிக்கிற ஆளு நீங்க. இப்ப ஆபத்தே நீங்கதான்" என்றாள்.

மறுநாள் குடையை மறந்துவிட்டதாகச் சாக்கு வைத்து ஆபீசுக்கே போனேன். என் அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. காவலாளி சல்யூட் அடித்து, "லீவுல இருக்கறவங்க அட்டை வேலை செய்யாது சார். நீங்க எழுதின ரூல்தான் சார்" என்றார். மறக்காத குடை எப்படிக் கிடைக்கும்? மனுஷர் உள்ளே போய் யாருடையதோ ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அதற்கு அடுத்த நாள் நல்ல மழை, யார் நனைந்தாரோ தெரியவில்லை. இன்றைக்குப் பேரிடர் குழுவின் ஒத்திகை வேறு. எங்கள் ஆபீஸ் வெள்ளத்தில் மூழ்கியதாக வைத்துக்கொண்டு, மாற்று அலுவலகத்தில் வேலை நடத்திக் காட்ட வேண்டும். நான் இல்லாமலே நடக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அறுபது முடியும் எனக்கு இன்னும் இரண்டு வருடம் நீட்டிப்பா, இல்லை நன்றி சொல்லி அனுப்புவதா என்று வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேலாளர் முடிவு செய்கிறார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் அத்தான், பயமாக இருக்கிறது. ஆகவே பத்து மணிக்கு நீங்கள் ஆபீசுக்குப் போன் செய்து, மருத்துவமனையிலிருந்து பேசுவதாகச் சொல்லி, "கரன்ட் போனா உங்க குளிர் அறையில மருந்து எத்தனை மணி நேரம் தாங்கும்?" என்று கேளுங்கள். ஆறு மணி நேரம். அது என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது, திட்டத்தில் எழுதவில்லை; ஏன் எழுதவில்லை என்று கேட்காதீர்கள். எல்லோரும் முழிக்க வேண்டும், "சார் இருந்தா சொல்லியிருப்பாரு" என்று ஒருவராவது சொல்ல வேண்டும். தும்மிவிடாதீர்கள்; உங்கள் தும்மல் எங்கள் ஆபீசில் பிரசித்தம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். அதற்கு முதல் வேலையாக மாடிப்படியில் செருப்பைக் கழற்றிப் போடுவதை நிறுத்தச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது போன் அடித்தது! அந்தப் பெண்தான். "சார், மாற்று அலுவலகத்துச் சாவி உங்ககிட்டதான இருக்கு?" பார்த்தால், தாளின் மேல் பாரமாக இருந்ததே அதுதான். "எல்லாரும் அங்கயே நில்லுங்கம்மா, இதோ வந்துட்டேன்!" அவள் மேலே ஏதோ சொன்னாள், நான் வைத்துவிட்டேன். ஒரு காலில் என் செருப்பு, மறு காலில் வீட்டுக்காரியுடையது. போய் இறங்கினால் கதவு திறந்திருக்கிறது, உள்ளே நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள். "நான் ஆறு மாசம் முன்னாடியே இன்னொரு சாவி செஞ்சு வச்சுட்டேன் சார். ரெண்டு பேர்கிட்ட இருக்கணும்னு நீங்கதான எழுதினீங்க? உங்க சாவி பத்திரமான்னு குறிச்சுக்கத்தான் கூப்பிட்டேன்" என்றாள். தீயணைப்பு அதிகாரிக்குக் காயம்பட்டவராக நடிக்க ஓர் ஆள் குறைந்ததாம். என்னை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து, "காயம் லேசு, காத்திருக்கலாம்" என்று கழுத்தில் பச்சை அட்டை மாட்டிவிட்டார். படுத்தபடியே அந்தப் பெண்ணிடம் என் ஆறு மணி நேரக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். "நாலரை சார். நடுவுல கதவத் திறந்து மூடுறதை நீங்க கணக்குல சேர்க்கல போல. நான் அளந்து பார்த்துத் திட்டத்துல எழுதிட்டேன்" என்றாள். வயிறெரிந்தது, பெருமையாகவும் இருந்தது. எது அதிகம் என்று சொல்லத் தெரியவில்லை. எனக்கு நீட்டிப்பு வேண்டாம், என் நாற்காலியை அவளுக்கே கொடுங்கள் என்று மேலாளரிடம் அங்கேயே, படுத்துக்கொண்டே, சொல்லிவிட்டேன்.

ஆகவே அத்தான், வெள்ளிக்கிழமை ஆபீசுக்குப் போன் செய்ய வேண்டாம். வீட்டுக்குச் செய்யுங்கள். நான்தான் எடுப்பேன், இங்கே எனக்கு மாற்று ஆள் வைக்கவில்லை.