சூசைரட்ணத்தின் கட்டை விரல்

இனிமேல் இந்த வீட்டுக்குள் எந்தத் திருடனும் நுழைய முடியாது என்று சூசைரட்ணம் அறிவித்த அன்று, அவர் வீட்டு முன்கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அது உடைந்து ரொம்ப நாளாயிற்று. காற்றடித்தால் கதவு தானாகத் திறந்துகொள்ளும். பக்கத்து லய வரிசை வீட்டு நாய் உள்ளே வந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போகும். ஆனால் சூசைரட்ணம் சொன்ன திருடன் கதவு வழியாக வருகிறவன் இல்லை. கண்காணாத தேசத்தில் உட்கார்ந்துகொண்டு, போன் வழியாக வருகிறவன்.

"ஹேக்கர்னு பேரு," என்று மனைவியிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். சத்தமாகச் சொன்னால் அவன் காதில் விழுந்துவிடுமாம்.

அப்போதுதான் தேயிலைக் கொழுந்து கிள்ளிவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்திருந்த சுகிர்தம், தலைத்துணியை அவிழ்த்து உதறினாள்.

"யாரு அவரு? நம்ம தோட்டத்துக் கீழ் டிவிசனா?"

"அடியே, ஆளே கண்ணுக்குத் தெரிய மாட்டான். நம்ம போனுக்குள்ள பூந்து எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போயிருவான்."

"நம்ம போன்ல அள்ளுறதுக்கு என்னா இருக்கு? நீங்க சேத்து வச்ச காலை வணக்கப் படந்தான் கூடை கூடையாக் கெடக்கு. அள்ளிக்கிட்டுப் போனா புண்ணியமாப் போகும்."

சூசைரட்ணத்துக்கு மனம் நொந்தது. பொகவந்தலாவைப் பக்கத்திலுள்ள அந்தத் தோட்டத்தில், உலக விஞ்ஞானத்தோடு நேரடித் தொடர்பு வைத்திருக்கிற ஒரே ஆள் தான்தான் என்பது அவருடைய நம்பிக்கை. இரவில் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து காயவைக்கும் டிரையர் மெஷினோடு வேலை. பகலில் போனோடு வேலை. தேத்தண்ணி குடித்தால் ஆயுள் கூடும் என்று விஞ்ஞானிகள் திங்கட்கிழமை சொன்னால், அவர் இரண்டு கோப்பை குடிப்பார். குறையும் என்று வியாழக்கிழமை சொன்னால், கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்த திங்கட்கிழமைக்காகக் காத்திருப்பார். போன மாதம் ஏதோ ஒரு தூரத்துக் கிரகத்தில் தண்ணீர் இருப்பதாகப் படித்துவிட்டு ஓடிவந்து மனைவியிடம் சொன்னார். "நம்ம லயத்துக் குழாய்ல எப்ப வருமாம், அதையும் கேட்டுச் சொல்லுங்க," என்று அவள் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆனால் இந்த ஹேக்கர் விஷயத்தில் அவரை ஆட்டிவைத்தது விஞ்ஞானம் இல்லை, லயத்தில் அடுத்த காம்பரா வீட்டில் இருக்கும் பொன்னையா. பொன்னையாவின் பேஸ்புக்கை யாரோ பிடித்துக்கொண்டு அதில் உடம்பு இளைக்கிற மருந்து விற்கிறான். விளம்பரத்தில் 'பாவிப்பதற்கு முன்' என்று ஒரு தடித்த வெள்ளைக்காரர். 'பாவித்த பின்' என்று பொன்னையா. பொன்னையாவுக்கு அதில் துக்கத்தோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"அண்ணே, முகத்தைக் காட்டுனதுதான் தப்பாப் போச்சு," என்று அவர் சூசைரட்ணத்தை எச்சரித்தார். "இந்த வீடியோ கோல் இருக்கே, அதுல முகத்தக் காட்டுனா அப்படியே உரிச்சி எடுத்துக்கிறானுங்க. அப்புறம் நம்ம முகத்த வச்சி நம்ம பேசாததெல்லாம் பேச வப்பானுங்க."

"வீட்டுல நான் பேசுறதையே யாரும் கேக்குறதில்ல பொன்னையா. நான் பேசாததையா கேக்கப் போறாங்க?" என்று சொல்லிச் சிரித்தாரே தவிர, சூசைரட்ணம் சட்டைப் பையிலிருந்த போனைக் கையால் பொத்திக்கொண்டார். ஏனென்றால் அந்த வீட்டில் தினமும் வீடியோ கோல் நடந்துகொண்டிருந்தது.

மகள் ஷெரோமி கொழும்புப் பக்கம் வத்தளையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். தலைச்சன் பிள்ளை வயிற்றில் நான்கு மாதம். எதைத் தின்றாலும் வாந்தி. வீட்டிலிருக்கும் ஒரே போனும் அவள் வாங்கி அனுப்பியதுதான். மலையிலிருந்து வந்ததும் சுகிர்தம் கைகால்கூடக் கழுவாமல் போனை எடுத்து மகள் முகத்தைப் பார்ப்பாள். கன்னம் ஒட்டியிருக்கிறதா, கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறதா, பொய் சொல்கிறாளா, எல்லாம் அந்தச் சின்னக் கண்ணாடியில் அவளுக்குத் தெரியும். மாலை ஆறு மணிக்குச் சூசைரட்ணம் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் புறப்படும்வரை அதுதான் அவளுடைய பொழுது.

அந்தப் பொழுதுக்குத்தான் இப்போது பூட்டு விழுந்தது.

"இனி ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி வந்து பேசலாம். நான் தொறந்து தருவேன். குரல் மட்டுந்தான், முகம் கெடையாது," என்றார் சூசைரட்ணம்.

"புள்ளத்தாச்சி முகத்தப் பாக்காம, குரல வச்சி நான் என்னா செய்றது?"

"அவ முகத்த எவனாச்சும் களவெடுத்துட்டா என்னா செய்வ?"

இதை அவர் வீம்புக்குக் கேட்கவில்லை. மகள் முகத்தை எவனோ ஒருவன் மருந்து விளம்பரத்தில் போடுவதை நினைத்துப் பார்த்து, பல பகல்கள் தூங்காமல் கிடந்தவர் அவர். அது சுகிர்தத்துக்கும் தெரியும். அதனால்தான் அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் சூசைரட்ணம் பிழைத்திருப்பார்.

பூட்டுக்குத் தன் கட்டை விரலைப் பதித்தார். பிறகு நியாயமான மனிதர் என்று காட்டிக்கொள்வதற்காக, "வேணும்னா ஒன் வெரலையும் பதிஞ்சி பாரு, போனே தீர்ப்பு சொல்லட்டும்," என்றார். சுகிர்தம் கட்டை விரலை வைத்தாள். போன் ஏற்காமல் உறுமியது. ஆள்காட்டி விரலை வைத்தாள். மறுபடியும் உறுமியது. கொழுந்துக் கறை ஊறிக் கறுத்து, குளிரில் வெடித்துப்போன அந்த விரல்களில் ரேகை என்று எதுவும் மிச்சமில்லை. காலையில் ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக் களத்தில் விரல் மெஷின் கொண்டுவந்து வைத்தபோதும் இதே கதைதான் நடந்தது. பிறகு அதற்குப் பெண்களே ஏதோ ஒரு வழி கண்டுபிடித்தார்கள். என்ன வழி என்று சூசைரட்ணம் கேட்டுவைத்ததில்லை.

சுகிர்தம் தன் விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். சூசைரட்ணம் அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். இருந்தாலும் பாதுகாப்பு பாதுகாப்புதான். விரலுக்குத் துணையாக ஓர் இரகசிய இலக்கமும் வைத்தார். பிறந்த நாளை வைத்தால் ஹேக்கர் நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவான் என்று படித்திருந்ததால், தான் ஞாபகம் வைத்திருக்கக்கூடும் என்று உலகத்தில் ஒருவருமே சந்தேகப்பட முடியாத ஒரு தேதியாகப் பார்த்து வைத்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் இரண்டு அதிசயங்கள் நடந்தன.

ஒன்று, சுகிர்தத்துக்கு அவர்மேல் திடீரென்று பாசம் பொங்கியது. வேலைக்குப் போகுமுன் அவர் போடும் குட்டித் தூக்கத்திலிருந்து கண் விழித்தால், அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய வலது கையைத் தைலம் போட்டு நீவிக்கொண்டிருப்பாள். "மெஷினோட மாரடிக்கிற கையி, பாவம்," என்பாள். சூசைரட்ணம் குளிர்ந்து போனார். கண்டிப்பான ஆம்பிளையைத்தான் பெண்களுக்குப் பிடிக்கிறது என்று பொன்னையாவிடம் சொல்லியும் வைத்தார்.

இரண்டாவது, போனில் டேட்டா கரைந்துகொண்டிருந்தது. பூட்டிய போன். தலையணைக்கு அடியில் இருக்கிற போன். எப்படிக் கரைகிறது?

"உள்ள எறங்கிட்டான் அண்ணே," என்றார் பொன்னையா. "எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சிச்சு."

"எந்த நேரத்துல வாறான்னு கையும் களவுமாப் புடிக்கணும்."

"நீங்க தூங்குறப்பதான் வருவான். தூங்குற மாதிரி கெடங்க. போன் வெளிச்சம் அடிச்சதும் லபக்குன்னு அமுக்கிருங்க."

அன்று மாலை சூசைரட்ணம் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு குறட்டைகூட விட்டார். வெளியே பனி மூட்டம் இறங்கியது. கதவு தானாகத் திறந்து நாய் வந்து பார்த்துவிட்டுப் போனது. பிறகு சுகிர்தம் வந்தாள். தைல வாசனை அடித்தது. தலையணைக்கு அடியிலிருந்து போன் மெல்ல நகர்ந்தது. அவள் அவருடைய கையைப் பூப்போலத் தூக்கினாள். கட்டை விரலைச் சேலையில் துடைத்தாள். குளிர்ந்த கண்ணாடியில் வைத்தாள். டிக்.

சூசைரட்ணத்தின் இரத்தம் கொதித்தது. எழுந்து அமுக்கிவிட வேண்டியதுதான் என்று உடம்பை முறுக்கினார்.

"அம்மா..." என்றது போன். தொண்டை கட்டிய, சோர்ந்த குரல்.

"சத்தம் போடாத, அப்பா தூங்குறாரு. கிட்ட வா, முகத்தக் காட்டு. ஏன் இப்படி வத்திப்போன? காலையில சாப்ட்டதாவது நின்னுச்சா?"

"பாதி நின்னுச்சும்மா."

"பாதி நின்னுச்சா? அது போதும், மாதாவே. நாளைக்கி முழுசா நிக்கும்."

அவள் கை அவருடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. விட்டுவிட மறந்துவிட்டாள் போல. எத்தனையோ வருடங்களாகக் கொழுந்துப் பைக்கும் அடுப்புக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்த கை, அவர் கைக்குள் வந்து சும்மா இருந்தது. சூசைரட்ணம் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் மகள் குரலும் நின்றுபோகும், அந்தக் கையும் போய்விடும். அவர் கண்களை இன்னும் கொஞ்சம் இறுக்கி மூடிக்கொண்டார்.

மறுநாள் பொன்னையா ஆவலோடு காத்திருந்தார். "புடிச்சீங்களா அண்ணே?"

"அவன்தான் என்னப் புடிச்சான்," என்றார் சூசைரட்ணம். "விட்டுரு பொன்னையா. நல்ல மாதிரி ஹேக்கர்."

அன்றிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகவே தூக்கம் வந்தது அவருக்கு. படுக்குமுன் வலது கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். ரேகை தெளிவாக இருக்க வேண்டுமல்லவா? அவள் சிரமப்பட்டுத் தேடக்கூடாதென்று கையைக் கம்பளிக்கு வெளியே நீட்டி வைத்துக்கொள்வார். பூட்டை எடுத்துவிடலாமே என்று மனச்சாட்சி கேட்கத்தான் செய்தது. எடுத்துவிட்டால் அவள் கையை எதற்குப் பிடிக்கப் போகிறாள் என்று பதில் சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தார்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது, ஒரு நாள் டிரையர் மெஷின் கதவு அவருடைய வலது கட்டை விரலைச் சுட்டுவிட்டது. மருந்து போட்டு, விரலைப் பந்து மாதிரி சுற்றிக் கட்டி அனுப்பினார்கள். விரல் வலித்தது பெரிதில்லை. இன்றைக்குச் சுகிர்தம் எப்படிப் பேசுவாள் என்பதுதான் அவரை வாட்டியது. தானே திறந்து கொடுக்கலாம். கொடுத்தால் இத்தனை நாள் நடித்தது வெளியே வந்துவிடும். கொடுக்காவிட்டால் பிள்ளை அங்கே போனைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பாள். யோசித்து யோசித்து ஒரு வழியும் தெரியாமல், வழக்கம்போல் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கட்டுப்போட்ட கை வெளியே நீண்டிருந்தது.

சுகிர்தம் வந்தாள். கட்டைத் தொட்டுப் பார்த்தாள். "சுட்டுக்கிட்டாரே, மனுசன்," என்று முணுமுணுத்துக்கொண்டே அந்தக் கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

டிக்.

"அம்மா, இன்னைக்கி முழுச் சோறும் நின்னுச்சு!"

சூசைரட்ணம் துள்ளி எழுந்து உட்கார்ந்தார்.

"எப்படித் தொறந்த?"

சுகிர்தம் பதறவே இல்லை. இடது கையைத் தூக்கிச் சுண்டு விரலை ஆட்டிக் காட்டினாள். "கொழுந்து கிள்ளாத வெரலு இது ஒண்ணுதான். பெரட்டு மெஷின்லயும் பொம்பளைங்க நாங்க இதத்தான் வக்கிறோம். போன வாரமே பதிஞ்சாச்சு."

"அதப் பதிய இலக்கம் கேக்குமே!"

"கேட்டுச்சு. ஒரு நாளு சார்ஜ் எறங்கி போன் செத்துப் பொழைச்சி, வெரலு வேணாம் இலக்கத்தக் குடுன்னு நின்னுச்சு. ஷெரோமி பொறந்த நாளப் போட்டேன், இல்ல. ஒங்க பொறந்த நாளு, இல்ல. சும்மா வெளையாட்டுக்கு நம்ம கல்யாணத் தேதியப் போட்டுப் பாத்தேன். தொறந்துருச்சு. இங்கதான் உக்காந்து அழுதேன்."

சூசைரட்ணம் கூரையைப் பார்த்தார். கல்யாண நாள் வரும்போதெல்லாம் 'அடடே, மறந்தே போச்சே' என்று இருபத்தேழு வருடங்கள் சேலை வாங்கிக் கொடுக்காமல் தப்பித்த மனிதர். இனிமேல் தப்ப வழியில்லை.

"சரி, அது போகட்டும்," என்றார் பலவீனமாக. "சுண்டு விரலே தொறக்குதுன்னா, இந்த ஒரு வாரமா என் கையை எதுக்குப் புடிச்சிக்கிட்டிருந்த?"

"நீங்கதான் அதச் சோப்புப் போட்டுக் கழுவி, வெளிய நீட்டி வச்சிக்கிட்டு, வருவாளா மாட்டாளான்னு காத்துக் கெடந்தீங்களே. பாக்கப் பாவமா இருந்துச்சு."

"நான் தூங்கிக்கிட்டுத்தானே இருந்தேன்!" என்று சூசைரட்ணம் கடைசியாக ஒருமுறை மீசையை நிமிர்த்தினார்.

போனுக்குள்ளிருந்து ஷெரோமி விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, அம்மா முகத்துக்குப் பின்னால ஒங்க முகமும் தெரியுதுப்பா. நீங்க கண்ண மூடிக்கிட்டுச் சிரிக்கிறத எங்க மாமியார் வீட்டுல எல்லாரும் தெனமும் உக்காந்து பாக்குறோம்."