நூற்றுக்கு ஏழு உமி

வியத்நாமின் தென்பகுதியான கோச்சின்சீனாவில் பிரெஞ்சு ஆட்சி நிலைத்துவிட்டது என்பதற்கு அந்தக் காலத்தில் இரண்டு அத்தாட்சிகள் இருந்தன. ஒன்று ஆற்றங்கரையில் பறந்த கொடி. மற்றொன்று சைகோன் நகரத்துத் தானியத் தூய்மை அலுவலகம். கொடி காற்றடித்தால் அசையும். அலுவலகம் பாரிஸிலிருந்து கடிதம் வந்தால் அசையும்.

அந்த அலுவலகத்தில் இரண்டாம் நிலை எழுத்தராக இருந்தவர் காரைக்கால் சுப்புராமன். மூன்று வருஷம் உழைத்தால் ஆறு மாதம் சம்பளத்தோடு ஊருக்குப் போய்வரலாம் என்பது சர்க்கார் விதி. அந்த விடுப்புக்குக் கொன்ழே என்று பெயர். அதைச் சொல்லும்போது புதுச்சேரி, காரைக்கால் எழுத்தர்கள் எல்லாருக்கும் குரல் கொஞ்சம் தழையும். சுப்புராமனுக்குக் கொன்ழே தை மாதம் விழுந்தது. மகள் அலமுவுக்கு மாசியில் கல்யாணம். பெண்ணைப் பெற்றவர் நின்று தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும் என்ற ஒரே ஆசையோடு மூன்று வருஷம் அந்த ஊர் வெயிலையும் மழையையும் பொறுத்துக்கொண்டிருந்தார். கப்பலில் இடம் சொல்லியாகிவிட்டது. மேலதிகாரி முசியே பெர்த்தோவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அந்தச் சமயத்தில்தான் இயந்திரம் வந்து இறங்கியது.

பச்சை வண்ணம் பூசிய பெரிய மரப்பெட்டி. பக்கத்தில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் உள்ளே விசிறி சுழலும். மேலே கொட்டுகிற தானியம் சல்லடை வழியாக இறங்கும்போது உமியும் தூசியும் காற்றில் பறந்து பின்பக்கம் போய் விழும். பிரான்சில் கோதுமைக்காகச் செய்தது. அரிசிக்குச் சரிவருமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்குப் படிவம் இல்லை.

கான் ஹொய் கப்பல்துறைக் கிடங்கில் அதை நிறுத்தி, முசியே பெர்த்தோ ஒரு சொற்பொழிவு ஆற்றினார். நூற்றாண்டுகளாகக் கையால் அரிசி புடைத்த இருளிலிருந்து இந்நாடு இன்று காலை ஒன்பதரை மணிக்கு விடுவிக்கப்படுகிறது என்று அறிவித்தார். கிடங்கின் ஓரத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்த அந்நாட்டு அன்னமியப் பெண்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவர்களுக்குத் தலைவி பா ஹை என்ற ஐம்பது வயதுக்காரி. படகில் வரும் அரிசியை எல்லாம் புடைத்து மூட்டைக்கு அனுப்புவது அவள் கூட்டத்தின் வேலை.

ஊரில் இயந்திர மோகம் பிடித்துக்கொண்டது. துரைசானிகள் குடையோடு வந்து கைப்பிடியைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டார்கள். வட்டிக்கடை சாத்தப்பச் செட்டியார், நாகரிகம் உள்ளவன் வீட்டில் இது இருக்க வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டதால், சின்னதாக ஒன்று வரவழைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துக் கடை முகப்பில் நிறுத்தினார். அவருடைய சமையல்காரர் அதில் துண்டு காயப்போட்டார்.

ஒரு மாதம் கழித்து சுப்புராமன் கணக்குப் பதிவேட்டைக் கொண்டுபோய் நீட்டினார். மூன்று பத்தி. உள்ளே போன அரிசி, வெளியே வந்த அரிசி, நீக்கப்பட்ட உமி. மூன்றாம் பத்தி முழுக்கச் சுழியம்.

முசியே பெர்த்தோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்போதும் சுழியமாகவே இருந்தது. சுப்புராமன் பணிவாக விளக்கினார். பா ஹையின் ஆட்கள் முன்னாடியே சுத்தமாகப் புடைத்துவிடுகிறார்கள், இயந்திரம் எடுப்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை என்றார்.

"இயந்திரத்தில் குறை இல்லையே?"

"இல்லை, முசியே."

"அப்படியானால் குறை அரிசியில் இருக்கிறது. சுழியத்தை நீக்க ஒரு இயந்திரம் எதற்கு என்று பாரிஸ் கேட்கும். நான் என்ன பதில் சொல்வது? திருப்தியான எண்கள் வந்த பிறகு உங்கள் கொன்ழேயைப் பார்க்கலாம்."

சுப்புராமன் வெளியே வந்து மர நிழலில் நின்றார். அலுவலகச் சேவகர் சண்முகவேல் விஷயத்தைக் கேட்டுவிட்டு, தலையைச் சொறிந்தபடி சொன்னார்: "உமி இல்லேன்னா என்னங்க? போட்டுக்கிட்டாப் போவுது."

சண்முகவேல் நான்காம் வகுப்பு தாண்டாதவர். நிர்வாகத்தின் சாரம் அவருக்குப் பிடிபட்டிருந்தது.

மறுநாள் முதல் ஒழுங்கு இப்படி அமைந்தது. பா ஹையின் பெண்கள் வழக்கம்போல் அரிசியைப் புடைப்பார்கள். புடைத்த உமியைத் தனியே பத்திரப்படுத்துவார்கள். இயந்திரத்தின் வாயருகே வந்ததும் நூறு படிக்கு ஏழு படி உமியை மறுபடி கலப்பார்கள். இயந்திரம் சுற்றப்படும். சல்லடை கோதுமைக்கானது என்பதால் பாதி உமி அரிசியோடு சேர்ந்தே இறங்கும். அதைக் கிடங்கின் பின்பக்கம் கொண்டுபோய் அதே பெண்கள் மறுபடி புடைப்பார்கள். கடைசியில் சுத்தமான அரிசி மூட்டைக்குப் போகும். பதிவேட்டில் மூன்றாம் பத்தியில் அழகாக ஏழு விழும்.

கலப்பதற்குத் தனிக் கூலி வேண்டும் என்று பா ஹை கேட்டாள். "உமி வழங்கல் செலவு" என்ற தலைப்பில் அது உடனே அனுமதிக்கப்பட்டது. சுப்புராமன் அவளிடம், மனசுக்குள் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறாயா என்று தெரிந்த அன்னமிய மொழியில் கேட்டார். அவள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பதில் சொன்னாள்.

"சிரிக்க என்ன இருக்கு, ஐயா? முந்தி ஒரு தடவை புடைச்சோம், ஒரு கூலி. இப்ப ரெண்டு தடவை புடைக்கிறோம், நடுவுல கலக்கிறோம், மூணு கூலி. நல்ல மிஷினு."

அரையாண்டு அறிக்கை அச்சேறியது. சைகோன் அரிசியில் நூற்றுக்கு ஏழு பங்கு உமி இருந்தது என்றும், பிரான்சின் அறிவியல் அதை அறவே ஒழித்துவிட்டது என்றும் அதில் கண்டிருந்தது. முசியே பெர்த்தோவுக்குப் பதக்கம் கிடைத்தது. சுப்புராமனின் விடுப்பு மனுவை அவர் கையில் எடுத்தார். பேனாவையும் எடுத்தார். அப்போது மார்சேயிலிருந்து தந்தி வந்தது.

அங்கிருந்த வியாபாரிகள் அறிக்கையை வரி விடாமல் படித்திருந்தார்கள். சைகோன் அரிசி என்றால் நூற்றுக்கு ஏழு உமி இருக்கும் என்பது சர்க்கார் வாக்கு. வந்து இறங்கிய சரக்கில் ஒரு உமிகூட இல்லை. ஆகவே இது சைகோன் அரிசி அல்ல, ஏதோ கலப்படம் என்று கப்பலோடு திருப்பிவிட்டார்கள்.

அலுவலகம் நடுங்கியது. இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார்கள். மூன்றாம் நாள் ஆணை பிறந்தது. இயந்திரத்தால் சுத்தம் செய்யப்பட்ட அரிசியில், அதன் உண்மைத் தன்மையை மெய்ப்பிக்கும் பொருட்டு, நூற்றுக்கு ஏழு பங்கு உமி சேர்க்கப்பட வேண்டும். உமிச் சான்றிதழ் இல்லாத எந்த மூட்டையும் துறையை விட்டுப் போகக்கூடாது. சான்றிதழில் கையெழுத்திட சுப்புராமன் உமி நிர்ணய அலுவலராக உயர்த்தப்படுகிறார்.

சுப்புராமன் ஓடிப்போய் மேலதிகாரி முன்னால் நின்றார்.

"முசியே, என் மகள் கல்யாணம். நான் நின்று தாரை வார்க்க வேண்டும்."

"சைகோனில் இந்த ஏழின் நுட்பம் அறிந்தவர் உங்களைத் தவிர யார் இருக்கிறார்?"

"என் மகளுக்கும் நான் ஒருத்தன்தான் தகப்பன், முசியே."

முசியே பெர்த்தோ கல்நெஞ்சர் அல்ல. எழுந்து வந்து தோளில் கை வைத்தார். "சகோதரர் யாராவது இருப்பார்கள். குடும்பத்தில் அந்த வசதி உண்டு. அலுவலகத்தில் இல்லை" என்றார்.

அன்று சுப்புராமன் அறைக்குப் போய்த் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தை மாதக் கப்பல் அவர் இல்லாமலே கிளம்ப இருந்தது. போக முடியாவிட்டாலும் பந்திக்காவது தன் கை இருக்கட்டும் என்று, துறையிலேயே உயர்ந்த அரிசியாகப் பத்து மூட்டை வாங்கினார். பா ஹை அதை மூன்று முறை புடைத்துக் கொடுத்தாள். கூலி வேண்டாம் என்றுவிட்டாள். மூட்டைகளைக் கப்பலில் ஏற்றும் பொறுப்பைச் சண்முகவேலிடம் ஒப்படைத்துவிட்டு, சுப்புராமன் மேஜைக்குத் திரும்பினார். அன்று மட்டும் நானூறு சான்றிதழ்கள் குவிந்திருந்தன. தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார்.

பங்குனி பிறந்த பிறகு மனைவி காமாட்சியின் கடிதம் வந்தது.

"தேவரீருக்குக் காமாட்சி அநேக நமஸ்காரம். அலமு கல்யாணம் க்ஷேமமாக நடந்தது. உங்கள் தம்பி தாரை வார்த்தார். குழந்தை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் அனுப்பிய பத்து மூட்டையும் வந்தது. பிரித்தால் அத்தனையிலும் உமி கலந்திருந்தது. உங்கள் கையெழுத்துப் போட்ட சீட்டு ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் இருந்தது. தெருப் பெண்கள் எல்லாரும் பட்டுப் புடவையோடு முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து புடைத்தோம். பந்தி போட மாலை நாலு மணி ஆகிவிட்டது. சம்பந்தி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, யார் இந்த அரிசிக்குச் சான்று கொடுத்தது என்று கத்தினார். உங்கள் தம்பிதான், சான்று கொடுத்தது எங்கள் அண்ணா, உமிக்கே அவர்தான் அதிகாரி என்று சொன்னார். அதைக் கேட்டதும் சம்பந்தி கோபம் இருந்த இடம் தெரியவில்லை. இலையில் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். அந்த ஆபீசில் மாப்பிள்ளைக்கும் ஒரு இடம் பார்க்கச் சொல்லி தினமும் ஆள் அனுப்புகிறார். தெருவில் இன்னும் நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். பெயர்களைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்."

சுப்புராமன் கடிதத்தை இரண்டு முறை படித்தார். குழந்தை வாசலைப் பார்த்த இடத்தில் இரண்டு முறையும் கண் கலங்கியது. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, சர்க்கார் முத்திரைத் தாள் ஒன்றை எடுத்து மேலதிகாரிக்கு எழுதினார்.

வேலைப் பளு நாளுக்கு நாள் கூடி வருவதால், உமி பிரிக்க ஐந்து பேரும் உமி கலக்க ஐந்து பேரும் உடனடியாகத் தேவைப்படுகிறார்கள். பிரிக்க ஆள் கிடைக்காவிட்டால் அவசரம் இல்லை. கலக்கத் தகுதியான ஐந்து பேர் காரைக்காலில் தயாராக இருக்கிறார்கள்.