வலது பக்கம் தண்ணீர்

வெஸ்டர்வீல் நகராட்சி எல்லைக்குள் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. சாலை போட்ட இடம் போக மற்றதெல்லாம் தண்ணீர்தான். ஆகவே ஒரு கார் வழி தவறினால் அது எங்கே போய்ச் சேரும் என்பதில் மர்மம் ஒன்றும் கிடையாது.

கரைச் சாலை ஓரிடத்தில் இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் போனால் அக்கரைக்குப் போகும் படகு. வலது பக்கம், சொந்தப் படகு வைத்திருப்பவர்கள் அதை வாய்க்காலில் இறக்குவதற்கான சரிவு. மூடுபனிக் காலத்தில் வெளியூர்க்காரர்கள் வலது பக்கம் திரும்பி, காரோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிவிடுவார்கள். வருடத்துக்கு ஒருவர் என்றால் நகராட்சி பொறுத்துக்கொள்ளும். போன அக்டோபரில் மூன்று பேர் இறங்கினார்கள். மூன்றாமவர் மாகாணத் தணிக்கை அதிகாரி. அன்றே பலகை வைக்க உத்தரவாயிற்று.

எங்கள் ஊரில் பலகை எழுத இருப்பவள் ரின்ஸ்கெ ஒருத்திதான். எழுத்து வடிவங்களை நாலு வருடம் படித்தவள். எந்த வேகத்தில் வருகிறவனுக்கு எத்தனை தூரத்தில் எந்த எழுத்துத் தெரியும் என்று சாலையோரம் நின்று மணிக்கணக்கில் பார்ப்பாள். ஆனால் நகராட்சி பணம் தரும் படிவத்தில் பலகை, கம்பம், பெயிண்ட், திருகாணி, மாட்டும் கூலி என்று ஐந்து வரிதான். வடிவமைப்புக்கு வரியே இல்லை. இந்தத் தடவையாவது அந்த வரி வராவிட்டால் கடையைப் பூட்டிவிட்டுச் சீஸ் ஆலைக்கு வேலைக்குப் போகப்போவதாகச் சொல்லியிருந்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விண்ணப்பம் வாங்கி நிரப்பியும் வைத்திருந்தாள்.

பொதுவெளி அனுபவ மேம்பாட்டுத் துறையின் தலைவர் டீடெரிக். அவரிடம் போய்க் கேட்டாள்.

"நாலு எழுத்து எழுதறதுக்கு என்னங்க வடிவமைப்பு?" என்றார் அவர். "என் மச்சினி பிறந்தநாள் கார்டெல்லாம் கம்ப்யூட்டர்லயே போட்டுடுறா. என்ன அழகுங்கிறீங்க!"

"உங்க மச்சினி கார்டை யாரும் எண்பது கிலோமீட்டர் வேகத்துல படிக்கிறதில்லையே" என்றாள் ரின்ஸ்கெ.

ஆனாலும் ஒரு படம் வரைந்து வந்தாள். மஞ்சள் பலகை, தடித்த கறுப்பு எழுத்து. இடது அம்புக்குறியோடு 'படகு'. கீழே 'வலது பக்கம் தண்ணீர்'. பார்த்தவுடன் புரிந்துவிட்டதால் அதைக் குடிமக்கள் குழுவின் பரிசீலனைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

குழுவில் பத்தொன்பது பேர். அடியேனும் ஒருவன். நான் சைக்கிள் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவன். எழுத்தைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். கருத்துச் சொல்ல ஏதாவது தெரிந்திருக்க வேண்டும் என்று எங்கள் ஊரில் சட்டம் கிடையாது. காப்பியும் ஆளுக்கு ஒரு பிஸ்கட்டும் தந்து டப்பாவை மூடினார்கள். கூட்டம் தொடங்கியது.

மஞ்சள் நிறம் அதட்டுகிறது என்றார் ஒருவர். இப்போதெல்லாம் எல்லா இடத்திலும் சாம்பல் நிறம்தான், அதுதான் நிலக்காட்சியோடு ஒத்துப்போகும் என்றார் இன்னொருவர். யாரையும் இங்கே போ, அங்கே போ என்று ஏவ நாம் யார் என்று கேட்டு அம்புக்குறியை எடுத்தார்கள். 'தண்ணீர்' என்ற சொல் பயமுறுத்துவதாக இருந்தது. எழுத்து இத்தனை பெரிதாக இருந்தால் ஊர் பீற்றிக்கொள்வது போலத் தெரியும் என்று சொன்னவன் நான்தான். அதற்கு எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆறாவது கூட்டத்தில் ஒருமனதாக முடிவாயிற்று. சாம்பல் பலகையில், அதைவிடக் கொஞ்சம் வெளுத்த சாம்பல் நிறத்தில், சின்ன எழுத்தில்: 'பயணியே, நீங்கள் எங்கே செல்ல விரும்புகிறீர்கள்?'

ரின்ஸ்கெ சொன்னபடி எழுதிக் கொடுத்தாள். கீழே தன் கடைப் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அவளுடைய அடக்கத்தைக் குழு பாராட்டியது.

அந்த மாதம் ஒன்பது கார்கள் தண்ணீரில் இறங்கின. என்ன எழுதியிருக்கிறது என்று பனியில் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவர்கள், படித்து முடிக்கும்போது சரிவில் இருந்தார்கள். டீடெரிக்கின் துறை விசாரித்து அறிக்கை தந்தது: மேற்படி பலகை எதிர்பார்த்தபடியே மக்களைச் சிந்திக்க வைத்திருக்கிறது, நனைந்தவர்களுக்கு உரிய வசதிதான் இல்லை. உடனே வாய்க்கால் ஓரம் ஒரு துவட்டும் நிலையம் எழுந்தது. அதற்கான படிவத்தில் துண்டின் கனத்துக்குக்கூடத் தனி வரி இருந்தது.

நிலையத்துக்கும் ஒரு பலகை வேண்டுமே. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் குழு கலைந்து போயிருந்ததால் கூட்டம் போட ஆளில்லை. டீடெரிக் ரின்ஸ்கெயைத் தொலைபேசியில் பிடித்தார். அவர் சொன்ன வாசகத்தைக் குறித்துக்கொண்டு, என் இஷ்டப்படி எழுதலாமா, எழுதினால் ரொம்ப தூரத்திலிருந்தே தெரியுமே என்று அவள் கேட்டாளாம்.

"எழுதுங்கம்மா" என்றாராம் அவர். "பலகைதானே, யாரு பாக்கப் போறா?"

மஞ்சள் பலகை. கறுப்பு எழுத்து. 'இலவசத் துண்டு, சூடான காப்பி.' பக்கத்தில் வலது பக்கம் காட்டும் ஒரு பெரிய அம்புக்குறி.

மாட்டிய மறுநாள் காலையில் மட்டும் பதினாலு கார்கள். இந்தத் தடவை எல்லாம் உள்ளூர்க் கார்கள். ஊர்க்காரனுக்கு வழி தெரியாதா என்பீர்கள். தெரியும். ஆனால் இத்தனை தெளிவாக எழுதியிருப்பதைப் பார்த்தால், நமக்குத் தெரிந்ததுதான் தப்போ என்று தோன்றிவிடுகிறது. அதிலும் இலவசம் என்று போட்டிருந்தால் எங்கள் ஊரில் பிரேக்கை யாரும் தொடுவதில்லை. நான் ஏழாவது ஆள். எனக்கு முன்னால் டீடெரிக் துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்தார்.

விடுமுறை முடிந்ததும் குழு கூடியது. படிவத்தில் முதல்முறையாக ஆறாவது வரி சேர்க்கப்பட்டது: 'வடிவமைப்பு'. அதற்கு எதிரே 'அபராதம்' என்று எழுதினார்கள். பத்தொன்பது கைகள் உயர்ந்தன. என் கையும்தான்.

ரின்ஸ்கெ கோபப்படவில்லை. "அப்போ இத்தனை காரைத் திருப்பினது என் எழுத்துதான், இல்லையா?" என்று கேட்டாள்.

"பின்னே? வேற யாரு?" என்றார் டீடெரிக்.

"அதை எழுதிக் கொடுங்க."

எழுதிக் கேட்டால் எழுதிக் கொடுப்பது எங்கள் நகராட்சியின் வழக்கம். முத்திரையோடு கொடுத்தார்கள். அவள் அதை நேராகச் சீஸ் ஆலைக்குக் கொண்டுபோனாள். சீஸ் கட்டி சுமக்கிற வேலைக்குப் போனவளிடம் முதலாளி தாளை வாங்கி இரண்டு தடவை படித்தாராம். ஒரே காலையில் பதினாலு கார். பத்து வருடமாகச் சாலையோரம் கடை போட்டும் அவரால் ஒரு காரை நிறுத்த முடிந்ததில்லை. ஆலையின் அத்தனை பலகைகளும் இப்போது அவள் பொறுப்பு. அபராதத்தையும் ஆலையே கட்டிவிட்டது.

எங்கள் மஞ்சள் பலகை இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. அதை எடுப்பது பற்றி முடிவு செய்ய வியாழக்கிழமை கூட்டம். இடம், துவட்டும் நிலையம். எப்படியும் எல்லோரும் அங்கேதான் வந்து சேர்கிறோம்.