விசாரணை மண்டபத்தில் நான் எழுந்து கத்திய விவரம்

மூத்தவளும், சின்ன வயதில் என் குற்றங்களை எல்லாம் விசாரித்த முதல் நீதிபதியுமான வெர்னா அக்காவுக்கு, வாஷிங்டனிலிருந்து தம்பி ஹார்லன் மரியாதையுடன் எழுதுவது. நான் சுகம். அத்தானின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது?

என் மகள், உன் மருமகள் சிக்னேயை மேல்முறையீட்டு நீதிபதியாக நியமிக்கலாமா என்று செனட் குழு விசாரித்ததை நீ டிவியில் பார்த்திருப்பாய். என்னையும் பார்த்திருப்பாய். அதற்குத்தான் இந்த விளக்கம். அவளுக்கு நேர் பின்னால் என்னை உட்கார வைத்து, "ஐயா, என்ன நடந்தாலும் முகத்துல ஒண்ணும் காட்டாதீங்க, கேமரா உங்க மேலயே இருக்கும்" என்று ஒரு பெண் மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனாள். நானும் கல்லுப் பிள்ளையாராகத்தான் உட்கார்ந்தேன், அக்கா. முதலில் நம் கட்சி செனட்டர் ஒருவர் ஐந்து நிமிடம் அவளைப் புகழ்ந்தார். அதில் நாலு நிமிடம் தன்னுடைய அம்மாவைப் பற்றி, மீதி ஒரு நிமிடமும் "சிண்டி, சிண்டி" என்றே கூப்பிட்டார். அதையும் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் வந்தார் லாக்ரிட்ஜ் என்கிற செனட்டர். ஆள் உயரத்துக்கு ஒரு படம் கொண்டுவந்து நிறுத்தினார். பனி தள்ளும் வண்டி, பக்கத்தில் பள்ளிக்கூடப் பை மாட்டிய குழந்தை. எட்டு வருடத்துக்கு முன்னால், ஒரு கிழவியின் தபால் பெட்டியை வண்டி இடித்துத் தள்ளிவிட்டது, ஊராட்சிதான் திரும்ப நட்டுத் தரணும் என்று சிக்னே தீர்ப்புச் சொன்னாளே, அதைப் பிடித்துக்கொண்டார்.

"பனியில நம்ம குழந்தைகளைக் காப்பாத்துற ஓட்டுநர்களை நீங்க வெறுக்கிறீங்களா? ஆமாவா, இல்லையா?"

"செனட்டர், அந்த வழக்குல..."

"ஆமாவா, இல்லையா?"

"நான் சொல்ல வந்தது..."

"பதில் சொல்ல மாட்டேங்கிறாங்க, எல்லாரும் பாத்துக்குங்க!" என்று மேஜையில் ஓங்கிக் குத்தினார். தண்ணீர் டம்ளர் துள்ளியது. அக்கா, முப்பத்தொரு வருஷம் அந்த வண்டி ஓட்டினவன் நான். எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. "ஏய்யா! நான்தான்யா பனி வண்டிக்காரன்! அவ என்னைப் பெத்தவ மாதிரி பாத்துக்குறா! பெட்டிய இடிச்சா நட்டுத்தான்யா குடுக்கணும்!" என்று கத்திவிட்டேன். தலைவர் சுத்தியலால் தட்ட, இரண்டு போலீஸ்காரர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். மகள் வாழ்க்கையையே கெடுத்துவிட்டோமே என்று நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து உண்மையாகவே அழுதேன்.

அப்போது கையில் வான்கோழி சாண்ட்விச்சோடு லாக்ரிட்ஜே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "பெரியவரே, அருமையா கத்துனீங்க. நேரமும் கச்சிதம்."

"என் மக உங்களுக்கு என்னய்யா பண்ணினா?"

"ஒண்ணும் இல்லையே. தீர்ப்பைப் படிச்சேன், நியாயமான தீர்ப்பு. நவம்பர்ல எனக்குத் தேர்தல், எங்க ஊர்ல பனி ஜாஸ்தி." பாதி சாண்ட்விச்சை என்னிடம் நீட்டினார். பசி, தின்றுவிட்டேன்.

காரில் சிக்னேயோடு திரும்பினேன். பாலம் தாண்டியதும், "முகத்தை அசைக்காம உக்கார நாலு மாசம் பழகினேன்ப்பா" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

இன்று காலை குழுவில் ஓட்டெடுப்பு. இனி கத்தமாட்டேன் என்று சொன்னதும் என்னையும் உள்ளே விட்டார்கள். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டாள், அக்கா! லாக்ரிட்ஜ் "கூடாது!" என்று கர்ஜித்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். முழு செனட்டின் ஓட்டு அடுத்த மாதம். நம்மவர்கள் அங்கே அதிகம், பயமில்லை. ஆனால் ஒன்று: இந்தக் கூத்தாடிகள் இருக்கும் திசைக்கே இனி நான் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

அத்தானுக்கு என் அன்பு. பிள்ளைகள் எல்லோரையும் கர்த்தர் காப்பாராக.

உன் தம்பி,
ஹார்லன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது நம் ஊர்க் கட்சிக்காரர்கள் போன் செய்தார்கள். நான் கத்தியதை லட்சம் பேர் பார்த்தார்களாம். மாநிலச் சட்டமன்றத்துக்கு நிற்கச் சொல்கிறார்கள். யோசிக்க அவகாசம் கேட்டேன், நாலு நிமிடம் யோசித்தேன், சரி என்றுவிட்டேன். எதிர்த்து நிற்பது என்னோடு மீன் பிடிக்க வரும் ஆல்வின்தான். திங்கட்கிழமை மேடையில் உன்னைக் கிழிக்கப்போகிறேன் என்று அவனுக்குச் சொல்லிவிட்டேன். "எதைப் பத்திடா?" என்றான். "இன்னும் முடிவு பண்ணலை, உனக்கு ஏதாவது தோணுதா?" என்றேன்.