தாடை நழுவிய காரணம்

"தாடை மூட்டுக்குக் கோடு நம்பர் போட்டாச்சு. வலது பக்கம்னும் போட்டாச்சு. எப்படி நழுவுச்சு, அது ஒண்ணுதான் பாக்கி" என்றாள் மருத்துவமனை கவுண்டரில் இன்சூரன்ஸுக்கான குறியீட்டு எண்களைத் தட்டிக்கொண்டிருந்த ஷபானா.

ஸ்ரீராமால் வாயைத் திறந்து பதில் சொல்ல முடியாது. நழுவிய தாடையை டாக்டர் இப்போதுதான் உள்ளே தள்ளி, மோவாயிலிருந்து உச்சந்தலை வரை கட்டுப் போட்டு, வாயைத் திறக்கவே கூடாது என்று அனுப்பியிருந்தார். கட்டின் முடிச்சு தலைக்கு மேலே முயல் காது மாதிரி நின்றது.

வாயைத் திறக்க முடிந்திருந்தாலும் அவன் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டான். பக்கத்து நாற்காலியில் பாலகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். அவன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட நிரஞ்சனாவின் அப்பா. ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சிராங்கூன் சாலை வட்டாரத்தில் மைக் இருக்கும் மண்டபம் எதையும் விட்டுவைக்காதவர்.

"பையன் நம்முடைய தமிழ் மன்ற ஆண்டு விழாவுக்கு வரட்டும். என் உரையைக் கேட்கட்டும். பிறகு கல்யாணத்தைப் பற்றி யோசிக்கலாம்" என்று சொல்லியிருந்தார். இதற்கு முன் வந்த வரன், பேச்சின் நடுவே கைப்பேசியைப் பார்த்த ஒரே குற்றத்துக்காகக் கழித்துக் கட்டப்பட்டவன். அதனால் ஸ்ரீராம் கைப்பேசியை அணைத்துவிட்டு, முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தான். உரையின் தலைப்பு 'சுருங்கச் சொல்லல்'. ஒன்றரை மணி நேரம் ஓடியது. "இறுதியாக" என்று அவர் மூன்றாவது முறை சொன்னபோது, அடக்கி அடக்கி வைத்திருந்த கொட்டாவியெல்லாம் சேர்ந்து ஒன்றாக வெளியே வந்தது. பாவம், வாய் திறந்தது, திரும்ப மூடவில்லை.

மேடையிலிருந்து பார்த்தவருக்கு அது வேறு மாதிரிப் பட்டிருந்தது.

"எழுதிக்கொள்ளுங்கள் அம்மா. என் உரையைக் கேட்டு வியந்து வாயைப் பிளந்தார். பிளந்தது பிளந்தபடியே நின்றுவிட்டது" என்றார் பாலகிருஷ்ணன்.

"வியப்புக்குக் கோடு இல்ல சார். விழுந்தாரா, அடிபட்டதா, கெட்டியா எதையாவது கடிச்சாரா, கொட்டாவி விட்டாரா? இதுல ஒண்ணு சொல்லுங்க. காரணம் தெரியலைன்னு போட்டா இன்சூரன்ஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க."

கொட்டாவி என்ற சொல் காதில் விழுந்ததுமே ஸ்ரீராம் கைப்பேசியை எடுத்தான். அவசரமாக எதையோ தட்டி ஷபானாவிடம் நீட்டினான். நடுவிலேயே பாலகிருஷ்ணன் வாங்கிக்கொண்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேடைக் குரலில் படித்தார்.

"'முறுக்கு கடித்தேன்.' எந்த முறுக்கு?"

எதிரே உட்கார்ந்திருந்த கண்மணி தலையைத் தூக்கினார். அவர் நிரஞ்சனாவின் அம்மா. விழாவில் எல்லாருக்கும் கொடுத்த முறுக்கு, முந்தின நாள் முழுக்க அவர் ஈசூன் வீட்டு அடுப்படியில் நின்று சுட்டது.

"என் முறுக்கா தம்பி? வாயில போட்டாலே கரையுதுன்னு பக்கத்து வீட்டு அன்வர்கூடச் சொன்னாரே" என்றார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. ஸ்ரீராமுக்கு அது இன்னும் மோசமாகப் பட்டது.

மாமியாரையும் பகைத்துக்கொண்டால் கதை கந்தல்தான். அதை அழித்துவிட்டு வேறு தட்டினான். அதையும் பாலகிருஷ்ணனே படித்தார்.

"'முறுக்கு இல்லை. ரொம்பச் சிரித்துவிட்டேன்.'" கண்ணாடியைக் கழற்றினார். "எந்த இடத்தில் சிரித்தீர்கள்?"

ஸ்ரீராம் கட்டின் முடிச்சைச் சரிசெய்துகொண்டான்.

"கடைசியில் என் ஆசிரியர் காலமானதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?"

"சார், சிரிச்சதுன்னே போட்டுடவா? பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க லா" என்றாள் ஷபானா.

"போடாதீர்கள்."

இனி என்ன மிச்சம்? விழுந்தது, அடிபட்டது, இரண்டுதான். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தாடை தரையில் பட விழுந்தேன் என்றால் யார் நம்புவார்கள்? புத்தி கெட்டுப்போய் மற்றதைத் தட்டினான்.

"'யார் கையோ பட்டுவிட்டது'" என்று படித்த பாலகிருஷ்ணனின் குரல் இறங்கியது.

ஷபானாவின் விரல்கள் நின்றன. "இன்னொருத்தர் அடிச்சதா? அப்ப கோடு வேற சார். டாக்டர் திரும்பப் பாக்கணும். போலீஸ் ரிப்போர்ட்கூடக் கேப்பாங்க."

"வலது தாடை" என்று யோசித்தார் பாலகிருஷ்ணன். "இவருக்கு வலது பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார்?"

நிரஞ்சனாதான். அந்த வரிசையின் ஓரத்தில் அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

ஸ்ரீராம் பதறிப்போய்த் தலையை ஆட்டினான். ஆட்டிய வேகத்தில் தாடை சுண்டி இழுத்து, கண்ணில் நீர் முட்டியது. பாலகிருஷ்ணனுக்கு அந்தக் கண்ணீரே போதுமான சாட்சியாக இருந்தது.

"நான் பெற்ற பெண்ணா கை நீட்டினாள்? கல்யாணத்துக்கு முன்பே இப்படியென்றால் பிறகு எப்படி? வேண்டாம் தம்பி, இந்தச் சம்பந்தமே வேண்டாம். உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறேன்." கைப்பேசியை அவன் மடியில் வைத்துவிட்டு, மண்டபச் சாவியை ஒப்படைக்கப் போயிருந்த மகளைத் தன் கைப்பேசியில் கூப்பிட்டு விசாரிக்க வெளியே போனார்.

ஸ்ரீராமுக்கு அழுகையே வந்துவிட்டது. தான் மாட்டிக்கொண்டது போதாதென்று, ஒன்றும் அறியாத பெண்ணையும் இழுத்துவிட்டிருக்கிறான். கல்யாணம் போனால் போகட்டும், அவள் பெயர் கெடக் கூடாது. உண்மையைத் தட்டினான்: 'நிரஞ்சனா அடிக்கவில்லை. அவள் அப்பாவின் பேச்சில் நான் கொட்டாவி விட்டேன். அவரிடமே சொல்லிவிடுங்கள்.'

இந்த முறை அதை வாங்கியது கண்மணி. வாய்விட்டுப் படிக்கவில்லை. மெதுவாகப் படித்து முடித்து, அவன் கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கணவர் கையை வீசி வீசிப் பேசிக்கொண்டிருந்ததையும் பார்த்தார். பிறகு எழுதியிருந்ததை ஓர் எழுத்து விடாமல் அழித்துவிட்டு, கைப்பேசியை அவனிடமே கொடுத்தார்.

"அவருகிட்ட நான் பேசிக்கிறேன் தம்பி, நீங்க அலட்டிக்காதீங்க" என்றவர், எழுந்து கவுண்டர் மேல் சாய்ந்து, ஷபானாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"போன வருஷம் இதே ஆண்டு விழாவுலேருந்து நான் தாடை நழுவி வந்தப்ப என்ன கோடு போட்டியோ, அதையே நம்ம மாப்பிள்ளைக்கும் போட்டுடும்மா."