ஃபிரிட்ஜுக்குக் காவல்

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, அவள் தம்பி, டிவியில் ஒரு மந்திரி. ஆக நான்கு பேர். அதுவரை பேசியது மந்திரி மட்டும்.

"கண்காணிப்பு புதுசு இல்லைங்க. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ராஜாக்கள் வேவு பார்க்க வீட்டுக்கு வீடு ஒரு கிளி விட்டிருந்தாங்க. எல்லாம் மக்கள் பாதுகாப்புக்கு. ஒருத்தர்கூடப் புகார் சொல்லலை."

"எப்படிச் சொல்லுவாங்க? அதையும் கிளி போய்ச் சொல்லிடுமே" என்றாள் மனைவி.

எனக்கோ உடம்பு சிலிர்த்தது. ராஜா செய்ததை நான் செய்யக் கூடாதா? மகள் அனுப்பிய சாக்லேட் பெட்டியில் இருபத்துநான்கு இருந்தன. எனக்குச் சர்க்கரை, நாளைக்கு ஒன்றுதான் அனுமதி. ஆறு நாளில் ஆறு போக, பதினெட்டு இருக்க வேண்டும். இருந்தது பதினைந்து. நாற்பது வருஷம் ஸ்டோர்கீப்பராக இருந்தவன் நான். ஒரு திருகாணி குறைந்ததில்லை. என் வீட்டிலேயே மூன்று காணோம் என்றால் என் பெயர் என்ன ஆவது?

சந்தேகம் மைத்துனன் மேல். அவனோ எலக்ட்ரீஷியன். அவனையே கூப்பிட்டு, ஃபிரிட்ஜுக்கு எதிரே கேமரா மாட்டச் சொன்னேன். திருடனை வைத்தே பூட்டுப் போட்ட என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

"மாமா, படம் எந்த போன்ல தெரியணும்?"

என்னுடையது பட்டன் போன். அதில் எனக்குப் பெருமை வேறு.

"அப்போ அக்கா போன்லயே போட்டுடறேன்."

மறுநாள் மாலை அவள் தையல்காரரிடம் போனாள். நான் சரக்கைச் சரிபார்க்க ஃபிரிட்ஜைத் திறந்தேன்.

"ஏங்க" என்றது சுவர்.

திரும்பிப் பார்த்தேன். கேமராவுக்குள்ளிருந்து அவள் குரல்.

"இன்னைக்குப் பங்கு காலையிலேயே ஆச்சே?"

"எண்ணிப் பாக்க வந்தேன்."

"வாயிலயா எண்ணுவீங்க?"

விழுங்கிவிட்டுக் கேட்டேன்: "அது இருக்கட்டும். அந்த மூணை எடுத்தது உன் தம்பிதானே?"

"அவனைச் சொல்லாதீங்க. நான்தான் தின்னேன்."

"நீயா? எதுக்கு?"

"உங்க பாதுகாப்புக்குத்தான்."

அவளுக்குப் பின்னால் தையல்காரர் சிரிப்பதும் கேட்டது.

அன்றிலிருந்து ஃபிரிட்ஜ் பக்கம் போக எனக்கு அனுமதி இல்லை. என் கணக்குப்படி மீதி பதிமூன்று. அவள் எண்ணிச் சொன்னது பதினொன்று.

பதினொன்றுதான்.