அறிவிப்பாளர் வீட்டு ஆங்கிலம்

“ஒரே ஒரு தடவைதான் வாசிக்கணும். ரெண்டாவது தடவை வாசிச்சா அது செல்லம் கொடுக்கறது” என்றாள் மனைவி.

அவன் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு வாசித்தான். ஆங்கிலச் செய்தி. எங்கோ ஒரு துறைமுகத்தில் ஒரு கப்பல் தரைதட்டி நின்றுவிட்டதாம். பாதியிலேயே அவள் கையை உயர்த்தினாள்.

“என்ன, புரியலையா?”

“எல்லாம் புரியுது. அதுதான் பிரச்சினை. நீங்க கப்பல்னு சொல்றதுக்கு முன்னாடியே உங்க முகத்துல கப்பல் வந்துடுது.”

“அப்ப திரும்பி உட்கார்ந்து வாசிக்கட்டுமா?”

“உங்க முதுகும் பேசும்.”

அவர்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. அவள் பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷம். மாணவர்களுக்கான ஆங்கிலப் போட்டிக்குத் துறையிலிருந்து அவள் பெயரைக் கொடுத்திருந்தார்கள். முதல் சுற்றில் ஒலிபெருக்கியில் ஒரு பகுதியை ஒரு முறை மட்டும் ஓடவிடுவார்கள். யாரென்று தெரியாத குரல். கேட்டு முடித்ததும் கேள்விகள். இரண்டாவது சுற்றில் ஒரு சொல்லைக் கொடுப்பார்கள். யோசிக்காமல் அதை வைத்து ஒரு வாக்கியம் பேச வேண்டும்.

அவனுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுவதும் அடுத்தவரை ஆங்கில எழுத்துகளை வாசிக்கச் சொல்லும் உத்தியோகம். தானே வாசித்துப் பழக்கமில்லை. அதனால் வாசிக்கும்போது வரிக்கு வரி குரல் சின்னதாகிக்கொண்டே போகும். கடைசி வரி யாருக்கும் தெரியாது.

“எங்க வீட்ல ஒரே நேரத்துல ஏழு பேர் பேசுவோம்” என்றாள் அவள். “நடுவுல ரேடியோ வேற. எல்லாத்தையும் காது தனித்தனியாப் பிரிச்சு வாங்கிக்கும். இங்க வந்து காது துருப்பிடிச்சுப்போச்சு. இப்படியே போனா நான் ஹாஸ்டலுக்குப் போயிடறேங்க. படிப்பு முடியற வரைக்கும்.”

“கோபமா?”

“சேச்சே. அங்க நாலு குரல் காதுல விழும், அவ்வளவுதான்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பான். அவள் நியாயமாகச் சொன்னாள். அன்று கடையில் ஒரு பெரியவருக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடியும் தூரப்பார்வைக் கண்ணாடியும் மாற்றிக் கொடுத்து அனுப்பினான்.

அந்த வீட்டில் குரல்கள் இல்லாமல் இல்லை. அவன் அப்பா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவும் பேசத் தெரிந்தவள்தான். ஆனால் இருவரும் பேசிக்கொள்வதில்லை. போன வருஷம் ஓய்வு பெற்ற நாளில் நடந்த விழாவில் அப்பா மைக் பிடித்து எல்லோருக்கும் நன்றி சொன்னார். எஞ்சின் டிரைவர்களுக்குச் சொன்னார். டீ ஸ்டால்காரருக்குச் சொன்னார். தன் அறிவிப்புக்கு முன்னால் அடிக்கும் மணிக்கும் சொன்னார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாவை மறந்துவிட்டார். அன்றோடு சரி. எல்லாம் ஆள் வழியாகத்தான்.

“உங்கப்பாகிட்ட சொல்லு, வெந்நீர் ரெடி.”

“உங்கம்மாகிட்ட சொல்லு, காதுல விழுந்துச்சு.”

இருவருக்கும் நடுவில் ஒரு மேஜைதான் இருக்கும். மருமகள் வந்தபிறகு அந்த வேலை அவளுக்கு வந்து சேர்ந்தது.

அவன் யோசித்தான். தெரியாத குரல் வேண்டும். தொழில்முறைக் குரல் ஒன்று கூடத்தில் சும்மா சாய்ந்திருக்கிறது. அப்பாவிடம் போய்ச் செய்தித்தாளைக் கொடுத்தான்.

அப்பா முதலில் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“டிங்... டாங்... டிங். யுவர் அட்டென்ஷன் ப்ளீஸ்.”

கப்பல் தரைதட்டியதை மூன்று முறை சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு பெட்டி நிற்கும் அளவுக்கு இடம் விட்டார்.

“அப்பா, ஒரு தடவை போதும்ப்பா.”

“ஒரு தடவை சொன்னா பாசஞ்சர் எப்படிடா வண்டியைப் பிடிப்பான்?”

“இங்க பாசஞ்சர் யாரும் இல்ல. உங்க மருமகதான்.”

“அவளும் ஏதோ ஒரு வண்டியைப் பிடிக்கத்தானே படிக்கறா?”

மருமகள் எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னாள். “மாமா வாசிச்சா பெஞ்சு நாற்காலிக்குக்கூடப் புரியும்” என்று அவனிடம் ரகசியமாகச் சொன்னாள். “எனக்குக் கஷ்டமா வேணும்.”

கடை முதலாளியிடம் ஒரு பழைய டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி வந்தான். அப்பாவைப் பதிவு செய்துவிட்டால் ஒரே ஒரு முறை போட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்பது கணக்கு. பதிவு நன்றாக வந்தது. திரும்பப் போட்டபோது உள்ளே ஏதோ நழுவி, கேசட் தன்னிஷ்டத்துக்கு ஓடியது. முப்பது வருஷம் ஒரு ஊரையே அட்டென்ஷனில் நிறுத்திய குரல், பல் முளைக்காத குழந்தையின் குரலில் கப்பலைப் பற்றிக் கீச்சிட்டது.

மனைவி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சமையலறையிலிருந்து ஒரு சிரிப்பு வந்து சட்டென்று அடங்கியது.

“யாரு சிரிச்சது?” என்றார் அப்பா.

“குக்கர் மாமா” என்றாள் அவள்.

“அடுப்பே பத்த வைக்கலையே?”

அப்பா சட்டையைக் கழற்றி மாட்டினார். “மரியாதை இல்லாத ஸ்டேஷன்ல நான் வேலை பாக்கறதில்ல” என்று அறைக்குள் போய்விட்டார். இருந்த ஒரு குரலும் போயிற்று.

அந்தக் கேசட் இன்னும் இருக்கிறது. போட்டால் அப்பாதான் வருகிறார். அம்மா சிரித்ததை யாரும் பதிவு செய்யவில்லை. அப்போது அதை ஒரு ஒலி என்று யாரும் நினைக்கவில்லை.

மறுநாள் அவன் ஒரு சட்டம் கொண்டுவந்தான். சாயங்கால டீயிலிருந்து சாப்பாடு வரை இந்த வீட்டில் யாரும் தமிழ் பேசக் கூடாது. ஆங்கிலம் மட்டும். அப்பாவின் கோபம் ஆங்கிலத்துக்கு இறங்கி வரும் என்று அவனுக்குத் தெரியும். வந்தது. அப்பா சட்டையோடு வந்து உட்கார்ந்தார்.

எதிர்பாராமல் அம்மாவும் வந்து உட்கார்ந்தாள்.

“நீ எதுக்கும்மா?”

“ஏன், நான் பத்தாவது வரைக்கும் படிச்சவதான். இங்கிலீஷ்ல எப்பவும் நான்தான் முதல்” என்ற அம்மா, மருமகள் பக்கம் திரும்பினாள். “டெல் தட் மேன், டீ இஸ் கோல்ட்.”

“அத்தை, போட்டியில மூணாவது ஆள் மூலமாப் பேசக்கூடாது. மார்க்கு போயிடும். நேரா யூன்னு சொல்லணும்.”

“நேராச் சொன்னா நான் பேசிட்டதா ஆயிடுமே?”

“இங்கிலீஷ்ல பேசினா அது பேசறதுல சேராது அத்தை. பயிற்சி.”

அம்மா டீயை ஆற்றியபடி யோசித்தாள். “தமிழ்ல பேச மாட்டேன்னுதான் மனசுல வெச்சிருந்தேன். இங்கிலீஷைப் பத்தி அப்ப யோசிக்கலை” என்றாள். பிறகு ஒரு வருஷத்தில் முதல் முறையாக அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். “யூ. டீ. கோல்ட்.”

“தேங்க் யூ ஃபார் தி இன்ஃபர்மேஷன்” என்றார் அப்பா.

தினமும் டீயோடு மனைவி சில புதுச் சொற்களைக் கொண்டுவந்தாள். அர்த்தம் சொல்கிறவள் என்பதால் அவளுக்கு மட்டும் தமிழுக்கு அனுமதி. அவற்றை வைத்து ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல வேண்டும். முதல் நாள் துறைமுகம், சரக்கு, நங்கூரம். வாக்கியங்கள் சாதுவாக இருந்தன. அடுத்தடுத்த நாள்களில் சொற்கள் மாறின.

“அப்ஸ்டினேட்னா பிடிவாதம் புடிக்கறது. நெக்ளிஜென்ட்னா அக்கறை இல்லாதது. அன்கிரேட்ஃபுல்னா நன்றி கெட்டது” என்றாள் அவள்.

அம்மாவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. “யூ ஆர் அன்கிரேட்ஃபுல்.”

“யூ ஆர் அப்ஸ்டினேட். ஐ ரிப்பீட், அப்ஸ்டினேட். ஐ ரிப்பீட்...”

“யூ ரிப்பீட் பிகாஸ் யூ ஆர் நெக்ளிஜென்ட்!”

“ரெண்டு பேரும் அருமை” என்றாள் மனைவி, டீயை உறிஞ்சிக்கொண்டு.

ஒரு வாரத்தில் தெருவுக்கே கேட்டது. பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் அவனை வாசலில் மடக்கினார். “என்ன, வெளிநாட்டுக்காரங்க யாராவது வந்து தங்கியிருக்காங்களா?”

“இல்லையே டாக்டர்.”

“ரொம்ப சண்டை போட்டுக்கறாங்களே, அதான் கேட்டேன். பாவம், மொழி தெரியாத ஊர்ல.”

இந்தச் சத்தத்தில் அவள் எப்படிப் படிப்பாள்? மௌனத்துக்கே ஹாஸ்டல் என்றவள் இதற்கு என்ன சொல்வாள்? அலமாரியின் மேல் இருந்த அவளுடைய பெட்டி அங்கேயே இருக்கிறதா என்று தினமும் ஒரு முறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டான்.

“நாளையிலேர்ந்து கொஞ்சம் சாதுவான வார்த்தையாக் குடேன்” என்று கெஞ்சினான். “மேகம், பூ, இந்த மாதிரி.”

அவள் சரியென்றாள். மறுநாள் மேகமும் பூவும் கொண்டுவந்தாள்.

அம்மா அப்பாவை ஏறிட்டுப் பார்த்தாள். “யூ ஆர் எ கிளவுட். ஒன்லி தண்டர். நோ ரெயின்.”

அப்பா சளைக்கவில்லை. “யூ ஆர் எ ஃப்ளவர்” என்றார். அம்மாவின் முகம் ஒரு கணம் இளகியது. “பிளாஸ்டிக்” என்று முடித்தார்.

அன்று இரண்டு தம்ளர்கள் நசுங்கின.

“போட்டியைக் கொஞ்ச நாள் தள்ளி வெச்சுட்டாங்க” என்றாள் மனைவி, ஒருநாள் துணி மடித்துக்கொண்டே. “நல்லதாப் போச்சு. மாமாவுக்கு இன்னும் ‘ரிக்ரெட்’ சரியா வரலை.”

“போட்டி உனக்கா, அவருக்கா?”

“எனக்குத்தான்” என்றாள். “சட்டைக் காலரைப் பாருங்க. இதையா தினம் கடைக்குப் போட்டுட்டுப் போறீங்க?”

அவள் பேச்சை அப்படித்தான் மாற்றுவாள். மாற்றியது தெரியும். இருந்தும் காலரைத்தான் பார்ப்பான்.

போட்டிக்கு முந்தின நாள் என்று அவள் சொன்ன சாயங்காலம் வந்தது. டீ வந்தது. சொற்களும் வந்தன. “ஃபேர்வெல்னா பிரிவு உபசாரம். அப்ரிஷியேட்னா ஒருத்தர் அருமையைத் தெரிஞ்சுக்கறது. அவ்வளவுதான். இன்னிக்கு அத்தை முதல்ல.”

அம்மா தம்ளரை மேஜையில் வைத்தாள்.

“இன் யுவர் ஃபேர்வெல்” என்று தொடங்கினாள். “யூ தேங்க்ட் டிரைவர். யூ தேங்க்ட் டீ ஸ்டால். யூ தேங்க்ட் பெல். ஐ... ஃபர்ஸ்ட் ரோ. ஐ வாஸ்...”

அதற்குமேல் அவளிடம் ஆங்கிலம் இல்லை. பத்தாவது வரை படித்தது அந்த இடத்தில் தீர்ந்துபோயிற்று. தமிழில் சொல்ல மாட்டாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவன் எழுந்து பேச்சை மாற்றப் பார்த்தான். மேஜைக்கு அடியில் மனைவி அவன் காலை மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள்.

அப்பா எழுந்து நின்றார். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டார்.

“டிங்... டாங்... டிங்.” மணி மிகவும் மெதுவாக அடித்தது. “யுவர் அட்டென்ஷன் ப்ளீஸ். தி தேங்க்ஸ் டு மை வைஃப் இஸ் ரன்னிங் லேட் பை ஒன் இயர். தி இன்கன்வீனியன்ஸ் காஸ்ட் டு ஹர் இஸ் டீப்லி ரிக்ரெட்டட்.”

மூன்று முறை சொன்னார். ஒரு தடவை போதும் என்று யாரும் சொல்லவில்லை. மூன்றாவது முறை குரல் தடம் மாறியது.

வெளியே யாரோ சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

“டீ ஆறுது” என்றாள் அம்மா. “குடிங்க.”

தமிழ்தான். நேராக அவரிடம்தான். சட்டத்தை மீறியதற்கு யாரும் அபராதம் கேட்கவில்லை. மனைவி தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாய் தேவைக்கு மேல் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

காலையில் அவள் கிளம்பும்போது பெரியவர்கள் இருவரும் தயாராக நின்றார்கள்.

“நாங்களும் வர்றோம். நாங்க தயார் பண்ணின பொண்ணு” என்றார் அப்பா.

“ஐயோ மாமா, வெளியாளுங்களை உள்ள விட மாட்டாங்க. வெயில் வேற. அத்தை, நீங்களாவது சொல்லுங்க.”

“நான் என்னத்தைச் சொல்றது? உங்க மாமா சொன்னா சரிதான்” என்றாள் அம்மா. ஒரு வருஷத்துப் பாக்கி அந்த ஒரு வாக்கியத்தில் தீர்ந்தது.

மனைவி அவனைப் பார்த்தாள். எப்போதும் எதற்கும் தடுமாறாதவள் அன்று வாசற்படியில் தடுமாறினாள். வேண்டாம் வேண்டாம் என்று நான்கு முறை சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் போய்விட்டாள். போட்டிப் பயம் என்று அவன் நினைத்தான். தோற்றுவிட்டால் பெட்டி அலமாரியிலிருந்து இறங்கிவிடும் என்றும் நினைத்தான்.

அடுத்த பஸ்ஸில் மூவரும் ஏறினார்கள். அப்பாவும் அம்மாவும் ஒரே இருக்கையில். அவன் பின்னால் நின்றுகொண்டு வந்தான். வழி நெடுக இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். ஒரு வருஷத்துக்கானதைப் பேச ஒரு பஸ் பயணம் போதவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கடந்து போய், திரும்பி நடந்து வந்தார்கள். வண்டியைத் தவறவிட்டது பற்றி அப்பா வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆங்கிலத் துறையின் அரங்கம் பூட்டியிருந்தது. வாசலில் கூட்டமில்லை. பந்தல் இல்லை. ஒலிபெருக்கி இல்லை. படியில் உட்கார்ந்து சாவிக்கொத்தை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்த துறை அட்டெண்டர் நிமிர்ந்து பார்த்தார்.

“இங்கிலீஷ் போட்டி எங்கங்க நடக்குது?” என்று கேட்டான் அவன். செய்தித்தாள் வாசிக்கும்போது போலவே, வார்த்தைக்கு வார்த்தை குரல் சின்னதாகிக்கொண்டே போயிற்று. மனைவியின் பெயரையும் வகுப்பையும் சொன்னான்.

“போட்டியா? அது போன மாசமே முடிஞ்சு, முதல் பரிசே அந்தப் பொண்ணுதானே வாங்குச்சு” என்றார் அட்டெண்டர், “‘வீட்ல பெரியவங்க ரெண்டு பேரும் இன்னும் பேசி முடிக்கலை, அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதீங்கண்ணே’ன்னு சொல்லி வெச்சிருக்கு. ஆமா, நீங்கல்லாம் யாரு?”